சுங்கத்தில் பிடிபடாத சரக்கு

சென்னையிலிருந்து ஊர் திரும்பும் மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கான் குடும்பத்தின் பெட்டியில் பட்டுச்சேலை இருக்கும், முறுக்கு இருக்கும், பாட்டி கட்டிக்கொடுத்த ஊறுகாய் இருக்கும். விமான நிலைய ஸ்கேனர் அத்தனையையும் காட்டிவிடும். வயிற்றுக்குள் வருவதை மட்டும் காட்டாது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் சுமார் 2,000 பயணிகளின் மலத்தைப் பயணத்துக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. போகும்போது பல ஆண்டிபயாடிக்குகளை எதிர்க்கும் கிருமி இல்லாதவர்களில், தெற்காசியா போய் வந்தோரில் நான்கில் மூவர் அதைக் குடலில் சுமந்து திரும்பியிருந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது மறைந்தது. பத்தில் ஒருவருக்கு ஓராண்டு கழித்தும் இருந்தது.

கிருமியைச் சுமப்பவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ இல்லாமலே இருக்கலாம். கிருமி குடலில் குடியிருப்பது வேறு, நோயாக மாறுவது வேறு. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலோ, அறுவைச் சிகிச்சை நடந்தாலோ, கீமோதெரபியால் உடல் தளர்ந்திருந்தாலோ அது சிறுநீருக்கும் ரத்தத்துக்கும் எளிதில் தாவுகிறது. ஆண்டிபயாடிக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் சாகும். மருந்துக்கு அசையாதது காலி இடத்தில் பெருகும்.

கிருமி பயணியோடு இப்படி ஒளிந்து வருவதைத் துல்லியமாகக் காட்டியவர் இந்திய வம்சாவளி சுவீடன்காரர் ஒருவர். டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு 2008 ஜனவரியில் சுவீடன் திரும்பினார். அவர் சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லா கிருமி, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே சிதைத்தது. அதைவிட வியப்பு, அவர் மலத்தில் கிடைத்த வேறொரு கிருமியான ஈ.கோலையிலும் அந்தச் சக்தியைத் தரும் அதே மரபணு இருந்தது. வளையம் போன்ற ஒரு சிறு டிஎன்ஏ துண்டில் அந்த மரபணு எழுதப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்குச் சமையல் குறிப்பை எழுதித் தருவதுபோல, கிருமிகள் அந்த வளையத்தைத் தமக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. கோடிக்கணக்கான கிருமிகள் நெருக்கியடித்து வாழும் குடல்தான் அதற்கு வாகான இடம்.

அந்த மரபணுவுக்கு என்டிஎம்-1 என்று பெயர் வைத்தார்கள். 'என்டி' என்றால் நியூ டெல்லி. பெயரைக் கேட்டு இந்தியாவில் கொதிப்பு எழுந்தது. 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது சிக்கியிருந்தது, பிரிட்டனில் 37. இரண்டு ஆண்டுகள் கழித்து, மருத்துவர் அப்துல் கபூர் முன்னெடுப்பில், மருந்து விற்பனைக்குக் கடிவாளம் கேட்டுச் 'சென்னை பிரகடனம்' உருவானது.

மலேசியாவுக்கும் இதில் பங்குண்டு. கார்பபெனமும் கைவிட்டால் மருத்துவர்கள் எடுக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் கண்டதாக 2015-ல் செய்தி வந்தது. மனிதனைக் காக்க வைத்திருந்த மருந்து பண்ணைகளில் தாராளமாகப் புழங்கியதன் விளைவு அது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மலேசியா 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மனிதர்களுக்கான ஆண்டிபயாடிக்கோ 1952-ம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது.

உலகம் முழுவதும் 2019-ல் மருந்தை எதிர்க்கும் கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது லான்செட் மதிப்பீடு.

அதனால்தான் வார்டில் சேரும் நோயாளிக்குச் சில நேரங்களில் மலவாயில் பஞ்சுக் குச்சியைச் சுழற்றி மாதிரி எடுப்பார்கள். ஒரு நிமிட வேலை. கூச்சமாக இருக்கும், வலிக்காது. கிருமி தெரிந்தால் தனி அறை, கையுறை, மேலங்கி என்று ஏற்பாடு நடக்கும். பக்கத்துக் கட்டில்காரரைக் காக்கும் ஏற்பாடு அது, நோயாளியை ஒதுக்கிவைப்பதல்ல.

ஆகவே, போன ஓராண்டில் தமிழ்நாட்டிலோ வேறெங்கோ மருத்துவமனையில் படுத்திருந்தால், வார்டில் சேரும்போது மிஸ்ஸி (தாதி) கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கழிப்பறை போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். போன காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் வைத்த ஆண்டிபயாடிக்கைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.