காரின் கூரைக் கண்ணாடியில் மழை ஒழுகுகிறதா? பசை வேண்டாம், வடிகாலைப் பாருங்கள்!

ஜீடிமெட்லாவில் மழைக்காலம் வந்தால் காருக்குக் கீழே இருந்து வரும் தண்ணீருக்கு எல்லோரும் அஞ்சுவார்கள். இப்போது மேலே இருந்து வரும் தண்ணீரும் ஒரு கவலை ஆகிவிட்டது. "சன்ரூப்" எனப்படும் கூரைக் கண்ணாடி வைத்த கார்கள் பெருகிவிட்டதே காரணம்.

சேமித்த பணத்தில் பழைய கார் வாங்கிய குமாஸ்தாவுக்கு இது வீண் செலவு. கம்பெனி கார் ஓட்டும் டிரைவருக்கோ வீண் பழி. "மழையில் கண்ணாடியை மூடாமல் விட்டாயா?" என்று கேட்பார்கள். ஆனால், மூடிய கண்ணாடி வழியாகவும் தண்ணீர் வரும்.

முற்றமும் தூம்பும்

நம் ஊர்ப் பழைய வீடுகளின் முற்றத்தை நினைத்துப் பாருங்கள். மழை முற்றத்தில் விழும். தூம்பு வழியே வெளியேறும். தூம்பு அடைத்தால் கூடத்தில் தண்ணீர் ஏறும்.

சன்ரூப்பும் அப்படித்தான். சுற்றியுள்ள ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுப்பதில்லை. கசிவது ஓடிப் போக, அடியில் ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மூலைகளில் மெல்லிய குழாய்கள். பெரும்பாலான கார்களில் நான்கு. அவை பக்கத் தூண்களுக்குள் இறங்கித் தண்ணீரைக் காருக்கு வெளியே விடும்.

கோடைப் புழுதியும், யுகாதி சமயத்து வேப்பம்பூவும், இலைக்காம்பும் வாய்க்காலில் தங்கும். முதல் மழையில் சேறாகிக் குழாயை அடைக்கும். பிறகு தண்ணீர் காருக்குள்தான் இறங்கும்.

அறிகுறிகள்

கூரைத் துணியில் கறை, கால்மிதிக்கு அடியில் ஈரம், பூஞ்சை வாடை. மழை இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் ஏ.சி. வடிகாலையும் பார்க்க வேண்டும். பல கார்களில் மின்கம்பி இணைப்புகள் கம்பளத்துக்கு அடியில் உள்ளன. அவை நனைந்து துருப்பிடித்தால் செலவு பல மடங்காகும்.

செய்ய வேண்டியது

கண்ணாடியைத் திறந்து வாய்க்காலை ஈரத் துணியால் துடையுங்கள். மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக விடுங்கள். சிறிது நேரத்தில் அந்தப் பக்கச் சக்கரத்தின் அருகே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் தடித்த நைலான் இழையை மெல்ல நுழைத்து அடைப்பை எடுக்கலாம். இரும்புக் கம்பி குழாயைக் கிழிக்கும். பஞ்சர் கடைக் காற்றை வேகமாக அடித்தால் குழாய் கழன்றுவிடும். கண்ணாடியைச் சுற்றிப் பசை பூசுவது நோயை விட்டு வேறிடத்தில் பற்றுப் போடுவதாகும். அடைப்பு நீங்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நனைந்த கம்பளத்தைத் தூக்கி வெயிலில் உலர்த்துங்கள்.

2023-ல் ஒருவர் மகிந்திரா ஸ்கார்பியோ-என் காரை அருவிக்கு அடியில் நிறுத்த, உள்ளே தண்ணீர் கொட்டும் வீடியோ பரவியது. கம்பெனியும் அதே ரகக் காரை அருவியில் நிறுத்தி, ஒழுகவில்லை என்று காட்டியது. ஒரே ரகத்தில் ஒன்று ஒழுகலாம். ஒன்று ஒழுகாமல் இருக்கலாம். நம் காரை நாமே சோதித்துக்கொள்வதுதான் சரி.

ஆனி மழைக்கு முன் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். ஐதராபாத்தில் 2020 அக்டோபரில் ஒரே நாளில் சுமார் 19 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க வேண்டாம். அரை டம்ளர் தண்ணீரில் முடிகிற சோதனையை அந்த மாதிரி மழைக்கு விட்டுவைக்கலாமா?