பெரம்பலூர்: கோடுகள் பொருந்தாத மாவட்டம்

தமிழ்நாட்டின் நடுப்பகுதியில், கடலோரம் இல்லாமலும் மாவட்டத் தலைநகரில் இருப்புப்பாதை இல்லாமலும் அமைந்துள்ள பெரம்பலூர் மாவட்டம், 1995ஆம் ஆண்டு ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் கிழக்குப் பகுதியான அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இதனுடன் சேர்க்கப்பட்டு, 2007இல் திரும்பவும் பிரிந்துபோனது. அதன்பின் எஞ்சிய ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டரே இன்றைய பெரம்பலூர்.

மேற்கே பச்சைமலையும் வடக்கே வெள்ளாறும் எல்லைகளாக அமைய, இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி கரிசலாக விரிந்து கிடக்கிறது. திருச்சிராப்பள்ளியை வளப்படுத்திய காவிரிப் பாசனம் இம்மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு எட்டாததால், இங்குள்ள வேளாண்மை வடகிழக்குப் பருவமழையையும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியே நடக்கிறது. மழையை மட்டும் நம்பிப் பயிரிடும் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் செழிக்கின்றன; கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் சின்ன வெங்காயம் பயிராகிறது. அறுவடையான வெங்காயத்தை விலை ஏறும்வரை காற்றோட்டமாகச் சேமித்து வைக்கும் அமைப்பைப் பட்டறை என்பர். இவ்வளவு வறண்ட இந்நிலத்தின் ஒரு பகுதி முன்னொரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்பதற்குச் சாத்தனூரில் கிடக்கும், சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமே சான்று. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையதாகக் கணிக்கப்படும் அம்மரத்தைக் காண வருவோர் தொகை அதன் பெருமைக்கு ஈடானதாக இல்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223; அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைவு. நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்கு மேல் கிராமங்களில் வாழ்ந்தனர். மூன்றில் ஒரு பங்கை நெருங்கிய மக்கள் பட்டியல் சாதியினர். ஆண்களைவிடப் பெண்களின் எண்ணிக்கை சற்றே மிகுதி.

நிர்வாக அமைப்புதான் வெளியாரைக் குழப்புவது. நிலவரி, பட்டா, சான்றிதழ் ஆகியவற்றைக் கவனிக்கும் வருவாய்த் துறைக்குப் பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் என நான்கு வட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வட்டாட்சியர் தலைமை தாங்க, கிராம அளவில் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். சாலை, குடிநீர், தெருவிளக்கு போன்ற ஊரக வளர்ச்சிப் பணிகளோ ஊராட்சி ஒன்றியங்கள் வழியாக நடக்கின்றன. ஒன்றியங்களும் நான்கே எனினும், அவற்றுள் ஒன்றின் பெயர் குன்னம் அன்று, வேப்பூர். ஆகவே குன்னம் பகுதிக் குடியானவர் ஒருவர் பட்டாவுக்கு ஓர் ஊருக்கும் ஒன்றிய வேலைக்கு வேறோர் ஊருக்கும் போக நேர்கிறது.

தேர்தல் வரைபடம் இதனினும் விந்தையானது. பெரம்பலூர் என்னும் பெயருள்ள மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் இம்மாவட்டத்துக்கு உரியது பெரம்பலூர் மட்டுமே. இலால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் ஆகிய நான்கும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தையும், குளித்தலை கரூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. இம்மாவட்டத்தின் மற்றொரு தொகுதியான குன்னமோ, அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதியையும் தன்னுள் கொண்டு, சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அடங்குகிறது. ஆட்சியரின் அதிகாரம் ஓர் எல்லைக்குள்ளும் மக்களவை உறுப்பினரின் பொறுப்பு வேறோர் எல்லைக்குள்ளும் இருப்பதால், மாவட்டம் முழுமைக்குமான கோரிக்கையை இரு மக்களவை உறுப்பினர்கள் வாயிலாக எழுப்ப வேண்டியுள்ளது. ஆட்சியர் அலுவலகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்த வகையில் 1995ஆம் ஆண்டுப் பிரிவினை பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் டெல்லியில் இம்மாவட்டத்துக்கென ஒரே குரல் இல்லை.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இங்குச் சொல்லப்பட்ட மக்கள்தொகை எண்கள் பழையவை என்பதை வாசகர் மனத்தில் கொள்க.