சுழல் பாதைக்கு எந்தக் கலர் கொடுப்பது?

பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ காங்கிரீட்டில் சுழல் பாதை போடுகிறோம், கலர் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் நாம் எதை எடுத்துக் கொடுப்பது? தவறான சரக்கைக் கொடுத்துவிட்டால், ஆறு மாதத்தில் தரை வெளுத்து நம் கடைப் பெயரும் சேர்ந்து வெளுக்கும்.

சுழல் பாதையை ஆங்கிலத்தில் லாபிரிந்த் என்பார்கள். ஆளைத் திண்டாட வைக்கும் புதிர்ப் பாதை அல்ல இது. முட்டுச்சந்தே கிடையாது, ஒரே வழி சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுபோய் விடும். பிரான்சில் சார்த்ர் நகரத்து மாதா கோயிலில் 13-ஆம் நூற்றாண்டில் கல்லில் பதித்தது இன்றும் இருக்கிறது. 11 சுற்று, குறுக்களவு சுமார் 42 அடி. அதே வடிவத்தை 1995-இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் கதீட்ரல் முற்றத்தில் மொசைக் தரையாகப் போட்டார்கள். நம் பக்கத்தில் இதன் எளிய வடிவத்தை ஏழு சுற்றுக் கோட்டை என்பது வழக்கம்.

ஏழு சுற்றை வரைவது கோலம் போடத் தெரிந்தவர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு இடைவெளியிலும் வெளிப்பக்கம் வாய் வைத்த மூலைமட்டம் ஒவ்வொன்று. அந்த வாய்க்குள் ஒரு புள்ளி. கூட்டல் குறியின் மேல்முனையை வலப்பக்க மூலைமட்டத்தின் மேல்முனையோடு வளைத்துச் சேர்க்க வேண்டும். பிறகு இடப்பக்கத்து அடுத்த முனை, வலப்பக்கத்து அடுத்த முனை என்று தீரும் வரை சேர்த்துக்கொண்டே போனால் 8 வளைவு, இடையில் 7 சுற்று. வழி ஒன்றரை அடி என்றால் குறுக்களவு இருபத்திரண்டரை அடி வரும். 2 அடி என்றால் 30 அடி.

இனி நம் சரக்குக்கு வருவோம். கலர் கோலப்பொடியும் துணிச்சாயமும் சிமெண்டுக்கு ஆகவே ஆகாது. சிமெண்டில் தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பு வெளிப்படுகிறது. அந்தக் காரம் சாயத்தைத் தின்றுவிடும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். காவிக்கட்டியில் களிமண் கலந்திருப்பதால் பிடிமானம் குறையும். கொடுக்க வேண்டியது அயர்ன் ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றிலும் கிடைக்கிறது. அதுவே துரு, இனிமேல் துருப்பிடிக்க அதில் என்ன இருக்கிறது! பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. நீலம் கேட்டால் பிரஷ்யன் நீலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், காரத்தில் நிறம் கெடும். கோபால்ட் நீலம் நிற்கும், ஆனால் விலை அதிகம். மஞ்சள் பளிச்சென்று வர வெள்ளைச் சிமெண்டே வேண்டும்.

அளவு, 50 கிலோ மூட்டைக்கு இரண்டரை கிலோ, அதாவது நூற்றுக்கு ஐந்து. பத்துக்கு மேல் போனால் நிறம் கூடாது, வலுதான் குறையும். கொத்தனார் கைப்பிடிக் கணக்குச் சொல்வார்; நாங்கள் இரண்டரை கிலோ பொட்டலமாகவே கட்டி, மூட்டைக்கு ஒன்று என்று கொடுத்துவிடுகிறோம். இருபத்திரண்டரை அடிப் பாதைக்கு முக்கால் அங்குல மேல்பூச்சு, ஒன்றுக்கு மூன்று மணல் என்றால், சுமார் 7 மூட்டை பிடிக்கும். ஏழு பொட்டலத்தையும் ஒரே லாட்டிலிருந்து ஒரே நாளில் வாங்கச் சொல்லுங்கள். லாட் மாறினால் நிறம் மாறும். தண்ணீர் விடுவதற்கு முன்பே சிமெண்டையும் கலரையும் உலர்வாகக் கலந்து சலித்துவிட வேண்டும். கோட்டுக்கு வேறு கலர் போடுவோர் நடுவே பித்தளைப் பட்டை வைக்கலாம். கண்ணாடிப் பட்டை வளையாது. வெளித்தரையை வழுவழுப்பாகத் தேய்க்காமல் துடைப்பத்தால் லேசாக இழுத்துவிட்டால் மழையில் வழுக்காது. ஒரு வாரமாவது ஈரம் காயக் கூடாது.

பூச்சு ஈரத்தில் கறுத்துக் காட்டும், காய்ந்தால் வெளிறும். ஆகவே முதலில் ஒரு சதுர அடி மாதிரி போட்டுக் காயவிட்டுப் பார்க்கட்டும்.

சில நாளில் தரைமேல் வெள்ளை பூத்து, ‘உங்கள் கலர் போய்விட்டது’ என்று வாடிக்கையாளர் வரக்கூடும். உடனே சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டாம். தரையில் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நனைந்ததும் சிவப்பு தெரிந்தால் அது சிமெண்டிலிருந்து வந்த சுண்ணாம்புதான். நாளடைவில் மழையில் தானே கழுவிப் போய்விடும்.