அதிர்ச்சியலையும் ஒளிவழி வெப்பமளத்தலும்

வெப்பமானியானது தான் தொட்ட பொருளோடு சமநிலை எய்திய பின்னரே அதன் வெப்பநிலையைக் காட்டும். அதற்குக் காலம் வேண்டும். விரைந்து வரும் உலோகத்தட்டு மோதுதலால் ஒரு பொருளினூடே அதிர்ச்சியலை செல்லும்போது, அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தினும் இலட்சக்கணக்கான மடங்கு உயர்கின்றது; அந்நிலை நீடிப்பதோ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே. அதன்பின் அப்பொருளும் எஞ்சுவதில்லை.

அலையின் வேகத்தையும் பொருளின் வேகத்தையும் அளந்து, திணிவு, உந்தம், சத்தி ஆகியவற்றின் காப்பு விதிகளைக்கொண்டு வெப்பநிலையைக் கணித்தலாகாதோ எனின், ஆகாது. அவ்விதிகள் அமுக்கம், அடர்த்தி, அகச்சத்தி என்பவற்றைத் தருமேயன்றி, வெப்பநிலை அவற்றில் இடம்பெறுவதேயில்லை.

கொல்லன் காய்ச்சிய இரும்பின் நிறத்தை நோக்கிப் பதமறிகின்றான். அக்கண்ணளவையை எண்ணளவையாக்கியது 1900 ஆம் ஆண்டிற் பிளாங்கு கண்ட கதிர்வீசல் விதி. எனினும் அவ்விதி கரும்பொருளுக்கே உரியது. ஏனைய பொருள்கள் அதனிலும் குறைந்த ஒளியையே காலும். அக்குறைவு எத்துணையென முன்னரே அறியவியலாமையால், ஒளியைப் பல அலைநீளங்களில் ஒரே கணத்தில் அளந்து, வெப்பநிலையையும் காலற்றிறனையும் ஒருங்கே துணிவர். கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்தில் 1979 இல் அமைந்த கருவி ஆறு அலைநீளங்களை அளந்தது. குற்றலைகளே இதற்கு உகந்தன. 5,000 கெல்வினில், 500 நனோமீற்றர் அலைநீளத்தில், ஒளியளவு நூற்றுக்குப் பத்துப் பிழைபடினும் வெப்பநிலை ஏறத்தாழ 90 கெல்வினே பிழைபடும்.

ஒளிபுகும் பொருள்களில் இம்முறை இனிது நடந்தது. சோவியத் அறிஞர் கோர்மரும் உடனாய்வாளரும் 1965 இற் கறியுப்புப் பளிங்கின் வெப்பநிலையை ஏறத்தாழ 7 இலட்சம் வளிமண்டல அமுக்கம்வரை அளந்து வெளியிட்டனர். அலைமுகத்தின் ஒளி, இன்னும் அமுக்கப்படாத பளிங்கினூடே வெளிவந்தது.

இரும்பின் நிலை வேறு. ஒளிபுகாத அதன் மிக மெல்லிய மேற்படையே தோன்றும். அதனை அமுக்கம் குன்றாமற் காணவேண்டின், நீலக்கல் போன்ற ஒளிபுகும் சாளரமொன்றை அதன்மேற் பொருத்தல் வேண்டும். அப்போது வெப்பம் சாளரத்துட் பாயும். நாம் காண்பது இரும்பின் வெப்பநிலையன்று, இரண்டும் கூடும் எல்லையின் வெப்பநிலையே. அதனைத் திருத்துதற்கு அவ்வமுக்கத்தில் இரண்டினதும் வெப்பக்கடத்துதிறன் தெரிதல் வேண்டும். இடையே நுண்ணிய இடைவெளி இருப்பினும் அது மிகையொளி வீசி மயக்கும்.

இது வெறும் நுணுக்கவாதமன்று. புவியின் திண்ம அகவுள்ளகத்தின் எல்லை இரும்பு உறையுமிடம். அங்குள்ள அமுக்கம் ஏறத்தாழ 33 இலட்சம் வளிமண்டலம். அதிர்ச்சியலை அளவைகளையும் வைர அழுத்தி அளவைகளையும் இணைத்து 1987 இல் வெளிவந்த ஆய்வு, அவ்வமுக்கத்தில் இரும்பின் உருகுநிலை 7,600 கெல்வின் என்றது. வைர அழுத்தியில் எக்ஸ்-கதிர் கொண்டு உருகலைக் கண்டறிந்த 2013 ஆம் ஆண்டின் ஆய்வோ 6,230 என்றது. இரண்டும் தாழ்ந்த அமுக்கங்களில் அளந்து நீட்டிக் கணித்தவை. இரண்டும் 500 கெல்வின் ஐயப்பாடு உடையவை. ஆயினும் இவ்வேற்றுமை அவ்வையப்பாட்டினுள் அடங்குவதன்று. பிளாங்கின் விதியை ஐயுறுதற்கு இடமில்லை. எமது கருத்தில், அதிர்ச்சியலை அளவைகளிற் முதலில் ஐயுறற்பாலது சாளரமே.