செல்போனில் இருந்த தாயார் படம்

தாராவி தோல் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாயார் காலமாகி மூன்று வருடமாகிறது. அந்த அம்மாளின் படங்களும், "சாப்பிட்டியாப்பா?" என்று பேசி அனுப்பிய குரலும் அவருடைய செல்போனில்தான் இருந்தன. சயான் ஸ்டேஷன் நெரிசலில் போன் பறிபோயிற்று.

"போன் போனால் என்ன? படமெல்லாம் இன்டர்நெட்டில் ஏறியிருக்கும்" என்றார்கள் கூட இருந்தவர்கள். படங்கள் ஏறித்தான் இருந்தன. ஆனால் அந்தக் கணக்கைத் திறக்கும் ரகசியச் சொல், போன் வாங்கிய அன்று கடைப் பையன் போட்டது. நண்பருக்குத் தெரியாது. அதை மாற்றுவதற்கான சேதியோ பழைய நம்பருக்குத்தான் வரும். நண்பர் புது நம்பர் வாங்கிவிட்டார். ரீசார்ஜ் இல்லாமல் கிடந்த பழைய நம்பர் வேறு யாரோ ஒருவருக்குப் போய்விட்டது!

90 நாள் தவணை

நிறுத்தப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. அதற்குப் பிறகு கொடுக்கலாம் என்றுதானே அர்த்தம்? ஆகவே போன் தொலைந்தால் முதல் வேலை, அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்குவது.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு வருடம் யாரும் திறக்காத கூகுள் கணக்கை, அதிலுள்ள படங்களோடு சேர்த்து நீக்கலாம். இது 2023 டிசம்பரில் அமலுக்கு வந்தது. இறந்தவரின் போனைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளிடமும் தொலைந்ததுண்டு. 2015 வரை 12 வருடங்களாக ஜனங்கள் ஏற்றிய பாடல்கள், கம்ப்யூட்டர் மாற்றும்போது அழிந்துவிட்டதாக அமெரிக்காவின் 'மைஸ்பேஸ்' 2019-ல் ஒப்புக்கொண்டது. அவை 5 கோடி இருக்கும் என்றார்கள்.

பென் டிரைவ் போதுமா? அதில் படம் மை போலப் பதிவதில்லை. நுண்ணிய மின்னேற்றமாக நிற்கிறது. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கசியும். வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். கல்யாண சி.டி.க்கும் ஆயுள் குறைவுதான்.

முக்கியமான படத்தை இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றை ஊருக்கு அனுப்பலாம். குரலை அண்ணன் தம்பி போனிலும் ஏற்றலாம். ரகசியச் சொல்லை மளிகைக் கணக்கு நோட்டில் எழுதாமல், ரேஷன் கார்டோடு தனியே வைப்பது நல்லது.

நண்பருக்கு ஊரில் அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து, ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. முகம் தப்பியது. குரல்தான் கிடைக்கவில்லை.