அப்பாவுக்குப் பின் மகன்: ஒரு சபை அறக்கட்டளை கவிழ்ந்த கதையும் நன்கொடையாளருக்குள்ள உரிமைகளும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1984-இல் ஒரு பதவி கைமாறியது. அங்குள்ள சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு, தன் ஊழியங்களுக்கு நிதி சேர்க்க 1948-இல் ‘பாப்டிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் அரிசோனா’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தது. 1962-இல் அதன் முதல் முழுநேரத் தலைவரானவர் போதகர் க்ளென் க்ராட்ஸ். அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அவருடைய மகன் வில்லியம் க்ராட்ஸ்.

பதினைந்தே ஆண்டுகளில், 1999 நவம்பரில், அறக்கட்டளை திவால் மனு போட்டது. கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 64 கோடி டாலர். கையில் இருந்த சொத்து அதில் பாதிகூடத் தேறவில்லை. பணம் போட்டவர்கள் 11,000 பேருக்கும் மேல். அவர்களில் பலர் ஓய்வுக்காலச் சேமிப்பை நம்பிக் கொடுத்த முதியவர்கள். மதம் சார்ந்த லாபநோக்கற்ற நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் அதுவரை கண்ட மிகப் பெரிய திவால் என்று அது பேசப்பட்டது.

இந்தக் கதையில் வழக்கமான வில்லன் கிடையாது. மகன் க்ராட்ஸ் மீது மோசடிக் குற்றம் நிரூபிக்கப்பட்டது உண்மை. ஆனால் திருட்டுக் குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. பெட்டியை உடைத்து யாரும் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடவில்லை. நஷ்டத்தை நஷ்டம் என்று எழுத மறுத்தார்கள். மறுக்கும் தலைவரைத் தட்டிக் கேட்க ஆளில்லை. சபையின் பெயரைத் தாங்கிய எந்த அறக்கட்டளைக்கும், எந்த நாட்டிலும், இந்த ஆபத்து பொருந்தும்.

ஏட்டில் ஏறிய லாபம்

மகன் காலத்தில் அறக்கட்டளை நிலத்திலும் கட்டடங்களிலும் பெரும் பணத்தை இறக்கியது. எண்பதுகளின் கடைசியில் அரிசோனாவில் நிலத்தின் விலை சரிந்தது. பத்துக்கு வாங்கிய மனை ஆறுக்குப் போகிறது என்றால், கணக்கில் நாலு நஷ்டம் எழுத வேண்டும். அறக்கட்டளை அப்படி எழுதவில்லை. தன்னோடு தொடர்புடையவர்கள் நடத்திய துணை நிறுவனங்களுக்கு அந்தச் சொத்துகளைப் பழைய விலைக்கே, சில சமயம் அதற்கும் கூடுதலாக, ‘விற்றது’. வாங்கியவர்களிடம் பணம் இல்லை. கடன் பத்திரம்தான் எழுதிக் கொடுத்தார்கள். முன்பணமாகக் கொடுத்த கொஞ்சத் தொகையும் சுற்றிச் சுற்றி அறக்கட்டளையிலிருந்தே வந்தது. இடது சட்டைப்பையிலிருந்து வலது சட்டைப்பைக்கு மாற்றிவிட்டு வருமானம் என்று எழுதுவதுபோலத்தான்.

ஆண்டறிக்கை இப்படி லாபம் காட்டிக்கொண்டே இருந்தது. அந்த லாபத்தைக் காட்டிப் புதிய வைப்புகள் திரட்டப்பட்டன. பழைய வைப்புகளுக்கு வட்டி கொடுக்கப் புதியவர்களின் பணம் உதவியது. துணை நிறுவனங்களில் ஒன்றின் பெயர் ‘நியூ சர்ச் வென்ச்சர்ஸ்’. புதிய சபைகள் கட்ட நிதி தருவதற்கென்று சொல்லப்பட்ட அமைப்பு அது. அதன் பணத்தில் பெரும்பகுதி, சரிந்த நிலங்களை வாங்கிக் குவித்த இன்னொரு துணை நிறுவனமான ஏ.எல்.ஓ.வுக்குக் கடனாகப் போயிருந்தது.

தணிக்கையாளர்கள் யார்? ஆர்தர் ஆண்டர்சன், அந்நாளில் உலகின் ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று. பின்னாளில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தில் வீழ்ந்ததும் அதே தணிக்கை நிறுவனம்தான். அறக்கட்டளையின் கணக்கு சரி என்று அது ஆண்டுதோறும் கையெழுத்திட்டது. 1996-இல் அறக்கட்டளையின் வேலையை விட்ட கணக்காளர் ஒருவர், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆர்தர் ஆண்டர்சனின் தணிக்கையாளரிடமே விஷயத்தைச் சொன்னார். அப்போதும் கையெழுத்து நிற்கவில்லை. ஏ.எல்.ஓ.வின் கணக்கைத் தணிக்கையாளர்கள் கேட்டபோது அது ரகசியம் என்று அறக்கட்டளை மறுத்ததும், அவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஏ.எல்.ஓ.வின் ஆண்டறிக்கை, மாநில அரசின் அரிசோனா கார்ப்பரேஷன் கமிஷன் அலுவலகத்தில் பொது ஆவணமாகவே இருந்தது. சொற்பக் கட்டணம் கட்டினால் யாரும் நகல் வாங்கலாம். சொத்தைவிடக் கடன் 10 கோடி டாலருக்கும் மேல் அதிகம் என்பது அதில் வெளிப்படையாகத் தெரிந்தது.

1998-இல் ‘ஃபீனிக்ஸ் நியூ டைம்ஸ்’ வார இதழ் இதையெல்லாம் தோண்டி வெளியிட்டது. 1999 ஆகஸ்டில் புதிய வைப்பு வாங்குவதை நிறுத்தும்படி அதே கார்ப்பரேஷன் கமிஷன் உத்தரவிட்டது. புதுப்பணம் நின்ற மூன்றே மாதத்தில் திவால் மனு வந்தது. 2002-இல் ஆர்தர் ஆண்டர்சன், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 21.7 கோடி டாலர் தர இசைந்தது. 2006-இல் வில்லியம் க்ராட்ஸுக்கு 8 ஆண்டும், அறக்கட்டளையின் சட்ட ஆலோசகராக இருந்த தாமஸ் க்ராபின்ஸ்கிக்கு 6 ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. 15.9 கோடி டாலர் இழப்பீடு கட்டவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. சொத்துகளை விற்றதிலும் வழக்குகளிலும் வந்த பணம் முதலீட்டாளர்களுக்குப் பல தவணைகளில் போய்ச் சேர்ந்தது. போட்ட முழுத் தொகையும் திரும்பவில்லை.

நன்கொடையா, வைப்பா, மானியமா?

ஒரே அறக்கட்டளைக்குள் மூன்று விதமான பணம் புழங்கலாம். கொடுத்தவரின் உரிமை அதைப் பொறுத்தே மாறும்.

முதலாவது நன்கொடை. கொடுத்த பிறகு அது கொடுத்தவரின் பணம் இல்லை. ‘கல்லூரி மாணவர் உதவிக்கு மட்டும்’ என்று எழுத்தில் நிபந்தனை வைத்துக் கொடுத்திருந்தால், புதிதாக வரும் தலைவர் தன் விருப்பப்படி அதைக் கட்டட நிதிக்கு மாற்ற முடியாது. அமெரிக்காவில் நோக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் பொதுவாக நீதிமன்றம் போக வேண்டும். மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் தெரிவிக்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேற்பட்ட சிறு நிதிகளுக்கு மட்டும் சில தளர்வுகள் உண்டு. ஆனால் நிபந்தனை மீறப்பட்டால் நன்கொடையாளரே நேரடியாக வழக்குப் போடுவது அங்கே எளிதல்ல. அந்த அதிகாரம் பெரும்பாலும் அட்டர்னி ஜெனரலிடம்தான் இருக்கிறது. புகார் அங்கேதான் போக வேண்டும்.

இரண்டாவது வைப்பு அல்லது முதலீடு. வட்டி தருகிறோம், அசலைத் திருப்பித் தருகிறோம் என்று வாங்கினால் அது காணிக்கை ஆகாது, கடன். அரிசோனாவில் ஏமாந்தவர்கள் இந்த வகையினர். அமெரிக்கச் சட்டம் தொண்டு அமைப்புகள் வெளியிடும் பத்திரங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. மோசடிக்கு விலக்கு தரவில்லை. வங்கி வைப்புக்கு உள்ள அரசுக் காப்பீடு இந்தப் பணத்துக்குக் கிடையாது. ‘உங்கள் பணம் ஊழியத்துக்கும் உதவும், உங்களுக்கும் வட்டி தரும்’ என்ற பேச்சில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

மூன்றாவது மானியம், அதாவது அறக்கட்டளை மற்ற அமைப்புகளுக்குத் தரும் பணம். அதை வாங்குகிறவருக்கு ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பென்சில்வேனியாவில் ஜான் பென்னட் நடத்திய ‘நியூ எரா’ அறக்கட்டளை அந்த நினைப்பைக் கலைத்தது. பெயர் சொல்ல விரும்பாத கொடையாளர்கள் இருக்கிறார்கள், நீங்கள் போடும் பணத்தை ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்று கிறிஸ்தவக் கல்லூரிகளிடமும் மிஷன் அமைப்புகளிடமும் அது சொன்னது. அப்படி ஒரு கொடையாளரும் இல்லை. ஒருவர் பணத்தை எடுத்து இன்னொருவருக்கு ‘மானியம்’ கொடுத்தார்கள். மிச்சிகனில் ஒரு சிறு கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் மேயர் அந்த அமைப்பின் வரிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவ்வளவு பணம் கையில் இருந்தால் வர வேண்டிய வட்டி அதில் இல்லை. 1995 மே மாதம் நியூ எரா கவிழ்ந்தது. 1997-இல் பென்னட்டுக்கு 12 ஆண்டு சிறை. அதோடு முடியவில்லை. போட்டதைவிட அதிகமாக வாங்கியிருந்த அமைப்புகள் அந்தக் கூடுதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. செலவு செய்து முடித்த பணத்தை எங்கிருந்து எடுப்பது?

புதிய தலைவர் வந்ததும்

தலைமை மாறுவது தவறில்லை; மகன் வருவதுகூடச் சட்டப்படிக் குற்றமில்லை. பொறுப்பு கைமாறும்போது சில விஷயங்களைக் கேட்பது உறுப்பினர்களின் உரிமை, கேட்க ஏற்ற நேரமும் அதுதான்.

முதலில், தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் யார்? ஆட்சிக்குழுவில் அவருடைய உறவினர், அவரிடம் சம்பளம் வாங்குகிறவர், அவரோடு வியாபாரம் செய்கிறவர் எத்தனை பேர்? அமெரிக்காவில் 1979-இல் தொடங்கிய இ.சி.எஃப்.ஏ. என்ற அமைப்பு, தன்னிடம் அங்கீகாரம் கேட்கும் கிறிஸ்தவ அமைப்புகளின் குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும், பெரும்பான்மையினர் சார்பற்றவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கீகாரம் பெறாத சபைக்கும் இந்த அளவுகோல் உதவும்.

அடுத்து, மானியம் எந்த வருமானத்திலிருந்து போகிறது? கையில் வந்த வட்டியிலிருந்தா, ஏட்டில் மட்டும் ஏறிய சொத்து மதிப்பிலிருந்தா? மானியம் கேட்கும் அமைப்பில் ஆட்சிக்குழு உறுப்பினர் யாராவது பொறுப்பில் இருந்தால், வாக்கெடுப்பின்போது அவர் வெளியே போனாரா, அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவானதா? அறக்கட்டளையின் சொத்தை வாங்கியவரோ விற்றவரோ உள்ளாட்கள் என்றால், விலையை வெளியார் ஒருவர் மதிப்பிட்டாரா?

இவற்றுக்கு எல்லாம் ஆவணம் வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான தொண்டு அமைப்புகள் ‘படிவம் 990’ என்ற ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கடைசி மூன்று ஆண்டுகளின் படிவங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஆனால் சபைகளுக்கும், அவற்றோடு ஒட்டி இயங்கும் சில துணை அமைப்புகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. அப்படிப்பட்ட அறக்கட்டளையில் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குவது கொடுப்பவரின் வேலையாகிவிடுகிறது.

வெளிநாட்டு மானியம் இந்தியா வரும்போது

அமெரிக்க, ஐரோப்பியச் சபை அறக்கட்டளைகள் தரும் பணம் தமிழ்நாட்டின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் நெடுங்காலமாக வருகிறது. அதை வாங்கும் அமைப்பு, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். பணம் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பெரிய மறைமாவட்டச் சங்கம் வாங்கி, சிறு கிராமத் திட்டங்களுக்குப் பகிர்ந்த பழைய முறை அதோடு நின்றது. நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 20 சதவீதம்.

முக்கியப் பொறுப்பாளர்கள் மாறினால் 45 நாட்களுக்குள் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிர்வாகத் தகராறில் இரு தரப்பும் தாங்களே பொறுப்பாளர்கள் என்று நிற்கும்போது இந்தத் தகவல் போவதில்லை. அதனால் பதிவுக்கே ஆபத்து வரலாம், ஊழியர்களின் சம்பளம் நிற்கலாம். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்து, தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் பொதுவில் வைப்பதும் கடமை. விடுதிப் பிள்ளையின் பெற்றோரும் அதைப் படித்துப் பார்க்கலாம்.

எங்கே போய்க் கேட்பது?

இந்தியாவில் பொது அறக்கட்டளை என்றால், அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு வழி செய்கிறது. அறங்காவலரை நீக்கவும், கணக்குக் கேட்கவும், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் அதில் கோரலாம். சங்கமாகப் பதிவானது என்றால், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலே போதும், பதிவாளர் தாமாகவும் தொடங்கலாம்.

வட்டி தருவதாகச் சொல்லி வாங்கிய வைப்பு திரும்பவில்லை என்றால் பாதை வேறு. வாங்கியவர் சபைக்காரர் என்பதால் புகாரை மூப்பர்களிடமே வைத்துக்கொண்டு மாதங்களைக் கடத்தத் தேவையில்லை. தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-இலிருந்து உள்ளது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்குத் தடை விதிக்கும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது. இரண்டிலும் சொத்தை முடக்க வழி உண்டு. புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறையிடம் கொடுக்கலாம். பணம் கட்டிய ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வட்டி விகிதம் அச்சிட்ட துண்டறிக்கை, பொறுப்பாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் நகல்களைப் புகாரோடு இணைத்து, அசல்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, புகார் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.