லைனரைத் துளைக்கும் குமிழிகள்

பட்டறையில் பிரித்துப் போட்ட டீசல் லாரி இன்ஜினில் சிலிண்டரின் உள்ளுறையான லைனரை எடுத்து, பிஸ்டன் ஓடும் உட்புறத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் படும் வெளிப்புறத்தைப் பாருங்கள். சில லைனர்களில் ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக, ஊசி குத்தியது போன்ற குழிகள் வரிசை கட்டியிருக்கும். சாதாரணத் துரு இப்படி ஒரே பக்கமாகத் தின்னாது. குழி ஆழமாகி ஓட்டை விழுந்துவிட்டால் கூலண்ட் உள்ளே புகுந்து ஆயிலில் கலக்கும். அப்புறம் இன்ஜினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் கீழே தள்ளப்படுவதோடு லைனரின் ஒரு பக்கத்தில் மோதவும் செய்கிறது. அந்த அடியில் லைனர் அதிர்கிறது. சுவர் சட்டென்று உள்வாங்கும் கணத்தில் அதை ஒட்டியுள்ள நீரில் அழுத்தம் விழுந்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் பிறக்கின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை நசுங்கி வெடிக்கின்றன. குமிழி இருந்த இடத்தில் நீர் பாய்ந்து மோதும் வேகம் வார்ப்பிரும்பையே பெயர்த்தெடுக்கப் போதும். கப்பல்களின் உந்துவிசிறிகள் இதே விதமாக அரிக்கப்படுவதைப் பற்றிய ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான், நசுங்கும் குமிழி எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கும் என்று இயற்பியலாளர் ரேலி 1917இல் கணக்கிட்டுக் காட்டினார்.

லாரிக்குக் கூலண்ட் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைவில் இருக்க வேண்டியது இந்தக் குமிழிதான். கார் கூலண்ட் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கனரக டீசலுக்கான கூலண்டில் நைட்ரைட், மாலிப்டேட் போன்ற உப்புகளைச் சேர்க்கிறார்கள். அவை இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்குகின்றன. குமிழியின் அடியைப் படலம் வாங்கிக்கொள்கிறது. கிழிந்த இடத்தில் மறுபடியும் படலம் பிடிக்கிறது. கேனின் பின்புறம் ‘ஏஎஸ்டிஎம் டி6210’ என்று அச்சிட்டிருந்தால் அது கனரக இன்ஜினுக்கான தரம். ‘டி3306’ மட்டும் இருந்தால் அது கார் வகை.

பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்று உலகப் பொதுவிதி கிடையாது. ‘பச்சைக்குப் பச்சை ஊற்றினால் சரி’ என்று கடைகளில் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள்.

நைட்ரைட் எல்லா வண்டிக்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது. அது ஓட ஓடத் தீர்ந்துபோகும். அலுமினியத்தோடு ஒத்துப்போவதும் குறைவு. ரேடியேட்டர்கள் அலுமினியத்துக்கு மாறிய பிறகு, கரிம அமில உப்புகளை நம்பும் நைட்ரைட் இல்லாத கூலண்டையே சில தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். இந்த வகை மெதுவாகவே தீர்வதால் நெடுநாள் வரும். மறுபுறம், கம்மின்ஸின் 5.9 லிட்டர் பி வரிசை போன்ற இன்ஜின்களில் கழற்றி மாட்டும் லைனரே கிடையாது. பிஸ்டன் பிளாக்கிலேயே ஓடுவதால் லைனரைக் காக்கும் நைட்ரைட்டுக்கு அங்கே வேலை குறைவு. ஆகவே கடைக்காரரிடம் கேட்கும் முன் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்ட வேண்டும். வகை மாற்றுவதென்றால் பழையதை முழுவதும் இறக்கி, அலசிவிட்டுத்தான் புதியதை ஊற்ற வேண்டும். இறக்கியதைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் குழந்தையும் குடித்துவிடக்கூடும்.

இனித் தண்ணீர். கூலண்டில் பாதி வெறும் தண்ணீர்தானே என்று பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கூலண்டில் கலக்கும் நீருக்குக் கேட்டர்பில்லர் நிறுவனம் வைக்கும் உச்சவரம்பு, லிட்டருக்குக் குளோரைடு 40 மில்லிகிராம், கடினத்தன்மை 170 மில்லிகிராம். நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஏற்கும் அளவோ குளோரைடு 250, கடினத்தன்மை 200. அதாவது, குடிக்கத் தகுதியான தண்ணீரே ரேடியேட்டருக்குத் தகுதி இல்லாமல் போகலாம். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் சுண்ணாம்பு சூடான இடத்தில்தான் முதலில் படியும். படிந்த இடத்தில் வெப்பம் வெளியேறாமல் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள், அல்லது கலந்தே வரும் கேனை வாங்குங்கள்.

‘நம் ஊரில் தண்ணீர் உறையாது, பின் எதற்குக் கிளைக்கால்?’ என்பார்கள். நாமக்கல்லிலிருந்து கிளம்பும் லாரி லடாக் வரை போவதென்றால் கேள்விக்கே இடமில்லை. உறையும் நீர் ஒன்பது விழுக்காடு விரிந்து பிளாக்கைப் பிளந்துவிடும். சரிபாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கும் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. குமிழி உருவாவதையும் குறைக்கிறது. இதற்காக 30 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். கூடுதலாக ஊற்றுவதால் கூடுதல் நன்மை கிடையாது. நீரைவிட வெப்பத்தைக் குறைவாகச் சுமப்பது கிளைக்கால். கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

சரியான கேனை வாங்கி ஊற்றிய பிறகும் வழியில் கெடுவதுண்டு. தளர்ந்த ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அழுத்தம் குறைந்தால் குமிழி பெருகும். கசிவுக்கு ஈடாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் கிளைக்காலும் நைட்ரைட்டும் சேர்ந்தே நீர்த்துப்போகும். கலவையின் செறிவை அளக்க ஒளிவிலகல்மானி இருக்கிறது. நைட்ரைட்டைப் பார்க்க, நனைத்தால் நிறம் மாறும் சோதனைத் தாள் கிடைக்கிறது. ஆயில் மாற்றும்போதெல்லாம் இரண்டையும் பார்த்துவிடலாம். கேபினில் அதே வகைக் கலந்த கூலண்ட் ஐந்து லிட்டர் இருந்தால், நடுவழியில் குடத்தைத் தேட வேண்டியிருக்காது.